மரத்தால் வாழ்ந்த மாநகர்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளியும் இழைப்புளியும் கொண்டு வாழ்ந்த முன்னோரின் வழியில் வந்தவர் நாம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மை நோக்கி ஒரு வினா வினவுகின்றனர். ‘இத்தொழிலை நாங்கள் கற்பதனால் என்ன பயன்? ஆலையிற் செய்த பலகையும் இரும்பும் பிளாஸ்டிக்கும் கடைதோறும் மலிந்துவிட்ட காலத்தில், மரத்தை நம்பி வாழ்தல் இயலுமா?’ என்பதே அவ்வினா. இதற்கு விடை கூறுமுன், இதே வினாவை ஒருமுறையன்றி மும்முறை எதிர்ப்பட்ட ஊர் ஒன்றின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதியே, இன்றைய பொருளாக அதனை எடுத்துக்கொண்டேன். அவ்வூர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிச்சிகன் மாகாணத்தின் மேற்பாகத்தில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் நகரம். ‘மேசை நாற்காலிப் பட்டணம்’ என்று அந்நாட்டார் அதற்கு வழங்கிய பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

முதலிற் சொற்களைப் பற்றி ஒரு சிறிது கூறுவேன். கட்டில், முக்காலி, பலகை, ஊஞ்சல், பெட்டி என்பன நம் சொற்கள். நான்கு கால் உடைமையின் நாற்காலி எனப்பட்டது. ஆயின் மேசை என்பதும் அலமாரி என்பதும் போர்த்துக்கேசியரோடு கடல் கடந்து வந்த சொற்கள். பொருள் வரும்போது பெயரும் உடன் வந்தது. அப்பொருளைச் செய்யும் வகையையோ நம் தச்சர் கண்ட மாத்திரத்தே கற்றுக்கொண்டனர். ஆகவே பிறர் செய்வதைப் பார்த்துக் கற்றல் நமக்குப் புதியதன்று; இழிவுமன்று. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் வாழ்ந்ததும் அவ்வழியே என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

அந்நகரின் பெயருக்குக் காரணம் ஆறு. கிராண்ட் என்னும் பேராறு மிச்சிகன் ஏரியை நோக்கி மேற்கே ஓடும் வழியில், இவ்விடத்தே ஏறத்தாழ ஒரு மைல் தூரத்துக்குள் 18 அடி தாழ்ந்து, பாறைகளின்மீது நுரைத்து விரைந்தது. அவ்விரைவொழுக்கே ‘ராப்பிட்ஸ்’ எனப்பட்டது. அக்கரையில் ஒடாவா என்னும் பழங்குடியினர் வாழ்ந்திருந்தனர். 1826-ஆம் ஆண்டில் லூயி காம்போ என்னும் பிரெஞ்சு மரபினர் அவர்களோடு தோல் வாணிகம் செய்யும்பொருட்டு அங்கே ஒரு பண்டசாலை அமைத்தார். 1850-இல் அது நகரமெனப் பட்டயம் பெற்றபோது அதன் குடித்தொகை 2,686. அறுபதாண்டு கழிந்து 1910-இல் கணக்கெடுத்தபோது 1,12,571. இடைப்பட்ட அறுபதாண்டில் அவ்வூரை இங்ஙனம் பெருக்கியது பொன்னன்று, நிலக்கரியன்று, மரமே.

மரம் அங்கே எளிதிற் கிடைத்தது. சூழ்ந்திருந்த காட்டில் மேப்பிளும் ஓக்கும் அக்கரோட்டு மரமும் செறிந்திருந்தன. வடக்கே வெண்பைன் வானளாவ நின்றது. வெட்டிய மரத்தைச் சுமந்து வரும் வேலையை ஆறு செய்தது. வாளை இயக்கும் வேலையையும் அதுவே செய்தது. ஆற்றின் அருகே கால்வாய் வெட்டி, வீழும் நீரால் உருளைகளைச் சுழற்றி ஆலைகளை ஓட்டினர். 1830-களின் பிற்பாதியில் வில்லியம் ஹால்டேன் என்னும் தச்சர் குடியேறித் தம் வீட்டிலேயே பட்டறை வைத்தார். அவரே அந்நகரின் முதல் மரச்சாமான் தச்சர் என்பர். தொட்டிலும் சவப்பெட்டியும் அக்காலத்தில் ஒரே பட்டறையில் ஆயின. பிறப்புக்கும் இறப்புக்கும் தச்சன் வேண்டும் என்பது நம் ஊர்களுக்கு மட்டுமே உரிய உண்மையன்று போலும்!

பின்னர் நீராவி வந்தது, புகைவண்டி வந்தது, பட்டறைகள் ஆலைகளாயின. 1876-ஆம் ஆண்டு, அமெரிக்கர் தம் விடுதலையின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடப் பிலடெல்பியாவில் ஒரு பெரிய கண்காட்சி கூட்டினர். கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்திலிருந்து பெர்க்கி அண்டு கே, நெல்சன் மாட்டர், பீனிக்ஸ் என்னும் மூன்று நிறுவனத்தார் தம் பொருள்களை அங்கே கொண்டுசென்று வைத்தனர். நெல்சன் மாட்டர் நிறுவனத்தார் செய்த கட்டில், வாஷிங்டன் முதலிய பெரியோரின் உருவங்கள் மாடங்களில் நிற்க, கோயில் வாயில்போல் ஓங்கி நின்றது. கிழக்கு நகரங்களின் பெரு வணிகர் அன்றுதான் அச்சிற்றூரின் பெயரைக் கேட்டனர். 1878 முதல் ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்திலும் கோடையிலும், நாடெங்குமுள்ள கடைக்காரர் அந்நகருக்கு வந்து மாதிரிகளைப் பார்த்து விலை பேசும் சந்தை தொடங்கிற்று. அந்நாட்களில் விடுதிகள் நிரம்பி வழிந்தன. கட்டில் செய்யும் ஊரில் வந்தவர்க்குப் படுக்கக் கட்டில் இல்லை என்னும்படி இருந்தது என்றால் மிகையாகாது.

இனி அங்கு வாழ்ந்த தொழிலாளரைப் பற்றிக் கூறுவேன். இப்பகுதியை நீங்கள் ஊன்றிக் கேட்கவேண்டும். அவர்களுட் பெரும்பாலார் தச்சு மரபினர் அல்லர். ஹாலந்து நாட்டிலிருந்து சமய விடுதலையும் பிழைப்பும் நாடி 1847 முதல் மேற்கு மிச்சிகனில் வந்து குடியேறிய டச்சுக்காரர் பலர். உழவர் மக்கள் மிகுதி. அவர்களை யடுத்துப் போலந்து நாட்டார் வந்தனர். ஜெர்மானியர், ஸ்வீடன் நாட்டார், லித்துவேனியர் வந்தனர். ஏர் பிடித்த கையே ஒரு தலைமுறைக்குள் வாள் பிடித்தது. அடுத்த தலைமுறையில் பூவும் கொடியும் செதுக்கிற்று. ஆகவே, ‘இத்தொழில் எம் குருதியில் ஊறியது, பிறர்க்கு வாராது’ என்று நாம் மார்தட்டுவது பொருந்தாது. குருதியில் ஊறுவது தொழிலன்று. சிறுவயதில் தந்தையின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கை போகும் வழியைக் கண் பின்தொடர்ந்து கற்ற கல்வியே தொழில். அக்கல்வி நம் குலத்தில் வழிவழியாய் நின்றது. அது நம் பேறு. கல்வி நின்றுபோனால் குலம் மாத்திரம் இருந்து பயன் யாது?

அத்தொழிலாளர் ஆலைகளின் அருகே சிறு சிறு மரவீடுகள் கட்டி வாழ்ந்தனர். டச்சுக்காரர் தம் திருச்சபையைச் சுற்றியும், போலந்தினர் தம் கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றியும் தெருத்தெருவாகக் குடியிருந்தனர். தமக்கெனச் சொந்த வீடு வேண்டும் என்பதில் அவர்கட்குப் பேரவா. வங்கியிற் கடன் வாங்கி வீடு கட்டித் திங்கள்தோறும் செலுத்திவந்தனர். ஆலை முதலாளிகளுட் பலர் அவ்வங்கிகளின் இயக்குநராகவும் இருந்தனர் என்பதை மறவாதீர்கள். கூலி கொடுக்கும் கையும் கடன் தண்டும் கையும் ஒன்றாயிருந்தன.

முதற் சோதனை காட்டினால் வந்தது. வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வைத்தார் இல்லை. 1883-ஆம் ஆண்டு கோடையில் பெருமழை பெய்து ஆறு பெருகியபோது, மிதந்து வந்த மரத்துண்டுகள் கோடிக்கணக்கான அடி அளவில் மலைபோற் குவிந்து ஆற்றை அடைத்தன. அவ்வடைப்பு உடைந்தபோது புகைவண்டிப் பாலங்களை அடித்துச் சென்றது. அத்துணை மரம் வெட்டப்பட்டது! அந்நூற்றாண்டு முடிவதற்குள் அருகிலிருந்த காடு பெரும்பாலும் அழிந்தது. மரம் இருந்ததனால் தோன்றிய ஊர், மரம் இல்லாதபோது அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன்? அதற்குள் மரத்தைவிட அரிய பொருள் ஒன்று அவ்வூரிற் சேர்ந்திருந்தது. வடிவமைப்போரும், செதுக்குவோரும், மெருகிடுவோரும் ஆகிய ஆயிரக்கணக்கான கைவல்லோரே அப்பொருள். வெப்பநாடுகளிலிருந்து மகாகனி மரத்தைக் கப்பலில் வருவித்து அவர்கள் வேலை செய்தனர். மரம் இருக்குமிடத்துக்குக் கைவல்லோன் போகலாம். கைவல்லோன் இருக்குமிடத்துக்கு மரம் தானே வரும்.

இரண்டாஞ் சோதனை கூலியினால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை. சராசரிக் கூலி நாளொன்றுக்கு 2 டாலருக்குச் சற்றுக் குறைவு. முதலாளிகள் ஒரு சங்கம் கூடி, ஒருவர் ஆளை மற்றொருவர் மிகுகூலி தந்து இழுக்காதபடி தம்முள் உடன்பட்டிருந்தனர். தொழிலாளர் கேட்டவை மூன்று: வேலை ஒன்பது மணியாதல் வேண்டும், கூலி நூற்றுக்குப் பத்து உயர்தல் வேண்டும், உருப்படிக் கணக்கிற் கூலி கொடுக்கும் முறை ஒழிதல் வேண்டும். முதலாளிகள் பேசவும் இசைந்தாரில்லை. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் 6,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் கருவியைக் கீழே வைத்து வெளியேறினர்.

நான்கு திங்கள் அவ்வேலைநிறுத்தம் நடந்தது. நகரத் தலைவர் ஜார்ஜ் எல்லிஸ் தொழிலாளர்பால் இரக்கமுடையவர். கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் ஷ்ரெம்ஸ் என்பார் தொழிலாளரின் கோரிக்கை நியாயமானது என வெளிப்படையாகக் கூறினார். மே 15-ஆம் நாள் விட்டிகோம் ஆலையின் வாயிலில், வேலைக்குச் சென்றாரை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டு கல்லெறியவும் கலகம் மூண்டது. ஆயினும் இறுதியில் தோற்றவர் தொழிலாளரே. ஆகஸ்டுத் திங்களிற் சங்கத்தின் உதவிப் பணம் வற்றிற்று. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் பழைய கூலிக்கே திரும்பினர்.

இத்தோல்விக்குக் காரணம் பலவாயினும், ஒன்றை இவ்வவையில் சொல்லாது விடுதல் என் மனத்துக்கு ஒவ்வாது. டச்சுக்காரரின் கிறிஸ்தவச் சீர்திருத்தத் திருச்சபை, தொழிற்சங்கத்திற் சேர்தல் திருச்சபை உறுப்பினர்க்குத் தகாது என்று விலக்கிற்று. பிற சமயத்தாரோடும் சமயமில்லாரோடும் உறுதிமொழி கூறி ஒன்றாதல் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் டச்சுக்காரருட் பலர் மனமுடைந்து வேலைக்குத் திரும்பினர். போலந்தினரோ கடைசிவரை நின்றனர். ஒரே பலகையின் இரு தலையைப் பிடித்து இழைத்த இருவர், தம் தெருவும் கோயிலும் வேறாயினமையின், உரிமை கேட்கும் காலத்தில் எதிரெதிர் நின்றனர். இரண்டு கூட்டத்தாரும் நல்லவரே. தத்தம் கூட்டத்துக்கு உண்மையானவரே. கூட்டப்பற்று மிகுந்தமையாலேயே தொழிற்பற்று தோற்றது.

நாமும் ஒரு கூட்டத்தார். பிறப்பினால் ஒன்றுபட்டுச் சங்கம் அமைத்துள்ளோம். திருமணத்துக்கு உதவுகிறோம், மாணவர்க்குப் பொருள் தருகிறோம், நோயுற்றார்க்குத் துணை நிற்கிறோம். இவையெல்லாம் நல்லன. டச்சுக்காரரின் திருச்சபையும் இவற்றையெல்லாம் செய்தது. ஆயின், பட்டறையில் நம்மோடு பக்கத்தில் நின்று வேலை செய்பவன் பிற குலத்தானாயின், அவன் கூலி கேட்கும்போது நாம் யார் பக்கம் நிற்பது? இவ்வினாவுக்கு விடை கூறாத சங்கம், உறுப்பினர்க்கு ஊறு செய்யவும் கூடும். சங்கம் நம்மைத் தாங்கும் தூணாதல் வேண்டும். பக்கத்தானிடமிருந்து பிரிக்கும் சுவராதல் ஆகாது.

அவ்வேலைநிறுத்தம் முடிந்த பின் 1916-ஆம் ஆண்டில் அந்நகரின் ஆட்சிச் சட்டமே மாற்றப்பட்டது. பன்னிரண்டு வட்டங்கள் மூன்றாகச் சுருக்கப்பட்டன. நகரத் தலைவரின் ஆற்றலும் குறைந்தது. தொழிலாளர் தெருக்களின் குரல் நகர மன்றத்தில் தாழ்ந்தது. ஆயினும் காலம் நடுநிலை தவறாது. 2007-ஆம் ஆண்டில், ஆற்றங்கரையில், அத்தொழிலாளரின் நினைவாக ஒரு சின்னம் நிறுவப்பட்டது. தோற்றவர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பும் ஊர் தன் வரலாற்றை மறைக்காத ஊர். அது பற்றியே அவ்வூரை யான் மதிக்கிறேன்.

மூன்றாஞ் சோதனை போட்டியினால் வந்தது. தெற்கே வட கரோலினா மாகாணத்தில் ஹை பாயின்ட் என்னும் ஊர். அங்கே மரம் மலிவு; கூலியும் மலிவு; தொழிற்சங்கம் இல்லை. 1889-இல் அங்கு முதல் மரச்சாமான் ஆலை தோன்றிற்று. 1909 முதல் சந்தை கூடிற்று. 1921-இல் பெரிய கண்காட்சி மாளிகை எழுந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி கிராண்ட் ராப்பிட்ஸ் ஆலைகளுட் பலவற்றைச் சாய்த்தது. பிலடெல்பியாவிற் புகழ் நாட்டிய பெர்க்கி அண்டு கே நிறுவனம் 1930-களில் மூடி, மீண்டும் திறந்து, 1948-இல் அறவே மூடிற்று. 1960-களில் கிராண்ட் ராப்பிட்ஸ் சந்தையும் முடிவுற்றது. வீட்டு மரச்சாமான்களின் தலைநகரம் என்னும் பெயர் ஹை பாயின்டுக்குச் சென்றது. அங்கும் அது நிலைத்ததோ எனின், அதுவும் முழுமையாக நிலைக்கவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தொழிலின் பெரும்பகுதி சீனா முதலிய நாடுகட்குப் போயிற்று. சந்தை மாத்திரம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடி வருகிறது. மலிவினால் வந்த தொழில், அதனினும் மலிவான இடத்தைக் கண்டவுடன் எழுந்து போகும். இது சிறுபிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

அங்ஙனமாயின் கிராண்ட் ராப்பிட்ஸ் எவ்வாறு பிழைத்தது? மூன்று வழியாற் பிழைத்தது என்பேன்.

ஒன்று, வரைபடக் கல்வி. டேவிட் வால்காட் கெண்டல் என்பவர் பீனிக்ஸ் நிறுவனத்தில் இருந்த சிறந்த வடிவமைப்பாளர், 1910-இற் காலமானார். அவர் மனைவியார் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1928-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு கலைப்பள்ளி நிறுவப்பட்டது. ஆலைகள் பல மறைந்தன, பள்ளி நின்றது, இன்று அது கல்லூரியாய் விளங்குகிறது. நகரப் பொது நூலகமும் மரச்சாமான் வடிவங்களைக் குறித்த நூல்களைத் தொகுத்து வைத்தது. தச்சன் மகனும் முதலாளியின் மகனும் ஒரே நூலைப் புரட்டிப் பார்க்க வழியுண்டாயிற்று.

இரண்டாவது, பொருள் மாற்றம். 1886-இல் பள்ளிப் பிள்ளைகட்கு இருக்கையும் மேசையும் செய்யத் தொடங்கிய நிறுவனம், ‘அமெரிக்கன் சீட்டிங்’ என்னும் பெயரால் வளர்ந்தது. 1912-இல் ‘மெட்டல் ஆபீஸ் பர்னிச்சர்’ என்னும் நிறுவனம் தோன்றி, மரத்தை விட்டு எஃகுத் தகட்டால் அலுவலகப் பொருள் செய்தது. வைக்கோற் குப்பைக்கூடை தீப்பற்றும். எஃகுக் கூடை பற்றாது என்பதே அவர்கள் தொடக்க நாட்களில் விற்ற நயம். அதுவே 1954-இல் ஸ்டீல்கேஸ் எனப் பெயர் மாறிப் பெரிதும் ஓங்கிற்று. வீட்டு மேசை போயிற்று. அலுவலக மேசை வந்தது. மரத்தச்சனின் கணக்கும் மூட்டும் தகட்டு வேலைக்கும் பயன்பட்டன. ஆயினும் எதுவும் நிலையன்று என்பதற்கு 2025-ஆம் ஆண்டிலும் ஒரு சான்று உண்டு: அயோவா மாகாணத்து நிறுவனம் ஒன்று ஸ்டீல்கேஸ் நிறுவனத்தை விலைக்குக் கொள்ள ஒப்பந்தம் செய்தது.

மூன்றாவது, தொழிலாளியை மனிதனாக எண்ணிய எண்ணம். இதற்கு ஒரு வரலாறு கூறுவேன். கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்குத் தென்மேற்கே ஜீலாந்து என்னும் சிற்றூர் உண்டு. டி. ஜே. டி பிரீ என்பவர் 1923-ஆம் ஆண்டில் அங்கிருந்த ஒரு மரச்சாமான் ஆலையை விலைக்குக் கொண்டு, தம் மாமனார் பெயரால் ‘ஹெர்மன் மில்லர்’ எனப் பெயரிட்டார். அவ்வாலையின் இயந்திரங்களையெல்லாம் பேணி வந்த முதிய தொழிலாளி ஒருவர் ஒருநாள் இறந்தார். டி பிரீ துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குச் சென்றார். அவ்வம்மையார் ஒரு ஏட்டை எடுத்துச் சில பாக்களைப் படித்துக் காட்டினார். கேட்டவர் வியந்து, ‘இவை யார் பாடியவை?’ என்றார். ‘என் கணவர் பாடியவை’ என்றார் அம்மையார். இயந்திரம் பார்த்தவன் கவியும் பாடினானா, கவிஞன் ஒருவன் இயந்திரம் பார்த்து வந்தானா என்னும் ஐயம் டி பிரீயின் உள்ளத்தை வாழ்நாளெல்லாம் விட்டு அகலவில்லை. இதனை அவர் மகனார் தம் நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அந்நிறுவனம் பழைய அரண்மனைக் கட்டில்களைப் பார்த்துப் படியெடுத்தலை விட்டு, எளிய புதிய வடிவங்களைச் செய்து உலகப்புகழ் பெற்றது. தொழிலாளியின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கற்றவனுக்கே புதியது தோன்றும்.

நம் தந்தையரை நினைத்துப் பாருங்கள். உளியைக் கையிற் பிடித்தவர் எத்துணைப் பேர் பாட்டும் கணக்கும் சோதிடமும் சிற்பநூலும் அறிந்திருந்தனர்! கூலி கொடுத்தவர் அவர்களை ‘ஆசாரி’ என்று அழைத்தாரேயன்றி, ‘நீர் என்ன கற்றீர்?’ என்று கேட்டாரா? அவர் கேளாதது கிடக்க. நாம் கேட்டோமா?

இன்று அந்நகருக்குச் செல்வோர் காணத்தக்கன பல உள. குளிர்காலம் கடுமையானது, ஏரியின்மீது வரும் காற்று பனியை வாரிக் கொட்டும், ஆதலின் கோடையிற் செல்வதே நலம். ஆற்றின் மேற்கரையிலுள்ள நகர அருங்காட்சியகத்தில் பழைய கட்டிலும் நாற்காலியும் மரச்சாமான் தொழிலின் வரலாறும் காட்டப்பெறுகின்றன. ‘ஹெரிடேஜ் ஹில்’ என்னும் மேட்டில், ஆலை முதலாளிகள் வாழ்ந்த மாளிகைகள் வரிசையாய் நிற்கின்றன. அங்கே, பிராங்க் லாயிட் ரைட் என்னும் பெருங் கட்டடக் கலைஞர் வரைந்து 1909-இல் முடிந்த மேயர் மே இல்லம், ஸ்டீல்கேஸ் நிறுவனத்தாரால் பழமை மாறாது புதுப்பிக்கப்பட்டு 1987-இல் மக்கள் காணத் திறக்கப்பட்டது. வீடும் அதனுள் இருக்கும் மேசை நாற்காலியும் ஒருவர் மனத்தில் ஒருங்கே தோன்றியமையை அங்கே காணலாம். பெர்க்கி அண்டு கே நிறுவனத்தின் பழைய செங்கல் ஆலை இப்போது குடியிருப்பாயிருக்கிறது. வாளொலி கேட்ட கூடத்தில் குழந்தைகளின் குரல் கேட்கிறது. ஒரு வீட்டில் வாழ்வோர் தம் சன்னலருகே எத்தனைபேர் நின்று பத்து மணி நேரம் மெருகிட்டனர் என்று அறிவரோ, அறியாரோ!

அன்பர்களே! அந்நகரின் குடித்தொகை 2020-ஆம் ஆண்டில் 1,98,917. காடு போயிற்று, சந்தை போயிற்று, முதல் நிறுவனங்களின் பெயர்களும் போயின, ஊர் வளர்ந்தே இருக்கிறது. பிள்ளைகள் கேட்ட வினாவுக்கு இதுவே என் விடை. மரத்தை மாத்திரம் நம்பி வாழ்தல் இயலாது. மரத்தை அறிந்த கையையும், அளவறிந்த கண்ணையும், வரையத் தெரிந்த அறிவையும் நம்பி வாழ்தல் இயலும். மரம் மாறினும், எஃகு வரினும், நாளை வேறொன்று வரினும், இவை மூன்றும் உடன் வரும்.

விடை மாத்திரம் கூறி அமர்ந்துவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறேன். முதலாவது, வாரத்திற் சில மாலைகளில் வரைபடமும் அளவியலும் கற்பிக்கும் வகுப்பு ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் தொடங்குதல் வேண்டும். பழைய முழக்கோற் கணக்கும், இக்காலக் கணிப்பொறி வரைவும் அவ்வகுப்பில் அருகருகே நடைபெறல் வேண்டும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் வேறுபாடு அங்கே வேண்டா. நம் குலத்தார், பிற குலத்தார் என்னும் வேறுபாடும் வேண்டா. உழவர் மகன் செதுக்கக் கற்ற ஊரின் கதையைக் கேட்டபின், கதவை அடைத்து வைத்துக் கற்பிப்பது எங்ஙனம்?

இரண்டாவது, நம்முள் முதியோராய் உள்ள கைவல்லோரின் வேலைமுறைகளை எழுதி வைத்தல் வேண்டும். கதவுநிலைக்கு மரம் தேர்வது எங்ஙனம், ஆணியின்றி மூட்டு இணைப்பது எங்ஙனம், தேர்ச்சக்கரத்துக்கு அளவு கொள்வது எங்ஙனம் என்பவை இன்று சிலர் நெஞ்சில் மாத்திரம் உள்ளன. ஏட்டில் ஏறாத கல்வி உடலோடு எரியும். ஜீலாந்து ஊரின் அம்மையார் ஓர் ஏட்டைப் பேணி வைத்திருந்தமையால் அன்றோ இன்று நாம் அத்தொழிலாளியை நினைக்கிறோம்!

மூன்றாவது, கூலி, வேலைநேரம், கருவியால் நேரும் காயத்துக்கு ஈடு ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டும் இடத்தில், நாம் தனித்து நின்று பேசாது, அப்பட்டறையில் உழைக்கும் அனைவரோடும் சேர்ந்து பேசுவோம் என்று சங்கம் தீர்மானம் செய்தல் வேண்டும். இதனால் நம் ஒற்றுமைக்கு யாதொரு குறையும் வாராது. மூட்டு நன்றாயிருப்பின், வேறு வேறு மரத்துண்டுகள் ஒரே நாற்காலியாகிப் பாரம் தாங்கும். இவ்வுண்மையை உலகுக்குக் கையாற் காட்டியவர் நாம். நம் வாழ்விலும் அதனைக் காட்டுதல் நமக்கே முதற் கடன்.

இம்மூன்றனுள் முதலாவதை அடுத்த திங்களே தொடங்கலாம். கற்பிக்க யான் ஒருவன் இருக்கிறேன். என்னினும் வல்லார் இவ்வவையிற் பலர் இருக்கின்றனர். பெற்றோர் தம் பிள்ளைகளின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் இன்றே கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.